டிராக்டர் சுமையேற்றிக்கு உறுதியான கருவிகள்: தேர்வும் பயனும்

மாட்டுக் கொட்டிலிலிருந்து சாணத்தையும், குப்பைக் குழியிலிருந்து மக்கிய எருவையும் கூடையில் அள்ளித் தலைமேல் சுமந்து சென்று வயலில் கொட்டுவது நம் நாட்டுக் கிராமங்களில் தொன்றுதொட்டு வந்துள்ள வழக்கமாகும். ஓர் ஏக்கர் நிலத்துக்கு 5 டன் எரு இடவேண்டுமானால், கூடைக்கு 20 கிலோகிராம் வீதம் 250 கூடைகள் சுமக்க வேண்டியிருக்கிறது. பல இடங்களில் இச்சுமையைத் தாங்குவோர் பெண்களே. டிராக்டரின் முன்புறத்தில் பொருத்தப்படும் சுமையேற்றி இவ்வுழைப்பைச் சில மணி நேர வேலையாகக் குறைத்துவிடுகிறது. லோடர் என்று பேச்சு வழக்கில் கூறப்படும் இச்சாதனமும், அதன் நுனியில் மாட்டப்படும் வாளி, கவை முதலிய கருவிகளும் இன்று பல மாநிலங்களில் பயன்பட்டு வருகின்றன.

நம் நாட்டில் டிராக்டர் பரவிய வரலாறு நீண்டதன்று. 1947ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட மத்திய டிராக்டர் நிறுவனம், மத்திய இந்தியாவில் காஸ் என்னும் ஆழ்வேர்ப் புல் மண்டிக் கிடந்த நிலங்களைக் கனரக இயந்திரங்களால் உழுது திருத்தியது. 1955ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்திலுள்ள புத்னியில் டிராக்டர் பயிற்சி நிலையம் தொடங்கப்பெற்றது. 1959ஆம் ஆண்டில் பரீதாபாத்தில் டிராக்டர் உற்பத்தி ஆரம்பமாயிற்று. அண்மை ஆண்டுகளில் நம் நாட்டில் ஆண்டுதோறும் 8 இலட்சத்துக்கு மேற்பட்ட டிராக்டர்கள் விற்பனையாகின்றன. உழுவதற்கென வாங்கிய இயந்திரத்தைக் கொண்டே பாரம் தூக்கவும் விவசாயிகள் விரும்புவது இயல்பே. ஆயினும், இழுப்பதற்காக அமைந்த இயந்திரத்தைத் தூக்குவதற்குப் பயன்படுத்தும்போது சில புதிய விதிகளை அறிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அறியாதவிடத்துக் கருவி விரைவில் கெடுவதோடு, ஓட்டுபவரின் உயிருக்கும் அபாயம் நேர்கிறது.

தடித்த தகட்டால் ஆன கருவியே நெடுநாள் உழைக்கும் என்று பலர் எண்ணி, கடையில் காணும் கருவிகளுள் மிகக் கனமானதைத் தேர்ந்தெடுக்கின்றனர். இவ்வெண்ணம் பாதியளவே சரியானது. டிராக்டருக்கும், அள்ளும் பொருளுக்கும், செய்யும் வேலைக்கும் பொருந்திய கருவியே நீடித்து உழைக்கும். பொருந்தாத கருவி எவ்வளவு கனமாயிருப்பினும் தானும் கெட்டு, டிராக்டரின் முன் அச்சையும் கெடுக்கும். இதற்கான காரணங்களை முறையாகக் காண்போம்.

சுமையேற்றியின் அமைப்பு

சுமையேற்றியில் மூன்று பகுதிகள் உள்ளன. முதலாவது, டிராக்டரின் உடலோடு மரையாணிகளால் இறுக்கப்படும் சட்டம். இரண்டாவது, அச்சட்டத்திலிருந்து முன்னோக்கி நீளும் இரு கைகளும், அவற்றை உயர்த்தித் தாழ்த்தும் ஹைட்ராலிக் உருளைகளும். மூன்றாவது, கைகளின் நுனியில் பின் என்னும் தண்டுகளால் மாட்டப்படும் கருவி. டிராக்டரின் பம்பு எண்ணெயை அழுத்தி உருளைக்குள் செலுத்த, உருளையின் தண்டு வெளியே நீண்டு கையை உயர்த்துகிறது. மற்றோர் இணை உருளைகள் கருவியை முன்னும் பின்னுமாகச் சாய்க்கின்றன.

விற்பனையாளர் தரும் அட்டவணையில் "தூக்கும் திறன் 800 கிலோகிராம்" என்று கண்டிருக்கலாம். அந்த எண் எவ்விடத்தில் அளக்கப்பட்டது என்பதை வாங்குபவர் கேட்டறிதல் வேண்டும். பெரும்பாலும் அது கைகளின் நுனியிலுள்ள பின்னின்மீது அளக்கப்படுவது. வாளியிலுள்ள பொருளோ அதற்கும் முன்னால் தள்ளியிருப்பதால், உண்மையில் தூக்கக்கூடிய அளவு அதனினும் குறைவாகும். கருவியின் எடையும் அதிலிருந்து கழிக்கப்பட வேண்டியதே. 180 கிலோகிராம் எடையுள்ள வாளியை மாட்டினால், மேற்கூறிய 800இல் எஞ்சுவது 620 மாத்திரமே. தகடு தடிக்கத் தடிக்க, ஒவ்வொரு முறையும் அள்ளிச் செல்லும் பொருள் குறைகிறது என்பதை இதனால் உணரலாம்.

நெம்புகோல் கணக்கு

பாரத்தைத் தூக்கிய டிராக்டர் ஒரு நெம்புகோலைப் போன்றது. முன் அச்சு அதன் ஆதாரம். வாளியின் பாரம் ஒருபுறத்தையும், டிராக்டரின் பின்பகுதி மறுபுறத்தையும் அழுத்துகின்றன. ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 2,000 கிலோகிராம் எடையுள்ள டிராக்டரில் முன் அச்சு 750 கிலோகிராமையும், பின் அச்சு 1,250 கிலோகிராமையும் தாங்குவதாகக் கொள்வோம். இரு அச்சுகளுக்கும் இடையிலுள்ள தூரம் 2 மீட்டர். 400 கிலோகிராம் எடையுள்ள சுமையேற்றி பொருத்தப்படுகிறது. கணக்கு எளிதாகும் பொருட்டு, அதன் எடை முழுவதும் முன் அச்சின்மீது விழுவதாக வைத்துக்கொண்டால், முன் அச்சின் பாரம் 1,150 கிலோகிராம் ஆகிறது.

இனி, முன் அச்சுக்கு 1.5 மீட்டர் முன்னால் 500 கிலோகிராம் பாரம் தூக்கப்படுகிறது. 500ஐ 1.5ஆல் பெருக்கி 2ஆல் வகுக்க வரும் 375 கிலோகிராம், பின் அச்சினின்றும் நீங்கி முன் அச்சின்மீது ஏறுகிறது. ஆகவே முன் அச்சு தாங்க வேண்டியது 1,150உடன் 500உம் 375உம் சேர்ந்து 2,025 கிலோகிராம். வெறும் டிராக்டரில் அது தாங்கியதைப்போல் இஃது இரண்டரை மடங்குக்கும் மேற்பட்டது. பின் அச்சிலோ 875 கிலோகிராமே எஞ்சுகிறது.

இதனால் விளையும் தீமைகள் இரண்டு. முன் அச்சு, சக்கரத் தாங்கிகள், டயர்கள், திசைமாற்றி ஆகியவை அளவுக்கு மீறிய பாரத்தால் தேய்கின்றன. அடுத்தது, இதனினும் கொடியது. நம் நாட்டு டிராக்டர்களுள் பெரும்பாலானவற்றில் பின்சக்கரங்களுக்கு மாத்திரமே பிரேக் அமைந்துள்ளது. பின்சக்கரங்கள் தரையை அழுத்தாதபோது பிரேக் எவ்வளவு மிதித்தாலும் பயனில்லை. சரிவில் இறங்கும்போது பாரம் மேலும் முன்னோக்கிச் சாய்வதால், வண்டி கட்டுக்கடங்காமல் ஓடிவிடுகிறது.

இதற்குப் பரிகாரம் எதிர் எடையாகும். டிராக்டரின் பின்புறத்து மும்முனை இணைப்பில், பின் அச்சுக்கு 1 மீட்டர் பின்னால், 400 கிலோகிராம் எடையுள்ள கான்கிரீட் கட்டியைத் தொங்கவிட்டால், பின் அச்சின் பாரம் 600 கிலோகிராம் கூடி 1,475 ஆகிறது. முன் அச்சின் பாரம் 200 கிலோகிராம் குறைந்து 1,825 ஆகிறது. எதிர் எடை பின்சக்கரங்களுக்குப் பிடிப்பைத் தருவதோடு முன் அச்சையும் காக்கிறது. முன்புறத்தில் எடைக்கட்டிகளைச் சேர்ப்பது உழவின்போது நன்மை தரலாம். சுமையேற்றியுடன் வேலை செய்யும்போது அஃது அச்சின் துன்பத்தையே மிகுதிப்படுத்தும். ஆதலின் சுமையேற்றியைப் பொருத்துமுன் அவற்றைக் கழற்றிவிடுதல் நன்று.

அள்ளும் பொருளின் எடை

வாளியின் அளவைப் பெரும்பாலோர் கண்ணளவாலேயே மதிக்கின்றனர். 300 லிட்டர் கொள்ளும் ஒரு வாளியை எடுத்துக்கொள்வோம். நன்கு மக்கி உலர்ந்த எரு அதில் சுமார் 150 கிலோகிராம் நிறையும். ஈரச் சாணமாயின் 270 கிலோகிராம் வரை செல்லும். கோதுமை ஏறக்குறைய 225 கிலோகிராம், தளர்ந்த உலர்மண் 360 கிலோகிராம் கொள்ளும். ஈர மணலோ 570 கிலோகிராமை எட்டும். வாளி ஒன்றேயாயினும், எருவுக்கும் ஈர மணலுக்கும் இடையே ஏறக்குறைய நான்கு மடங்கு வேற்றுமை உண்டு. குவித்து அள்ளினால் எடை இன்னும் கூடும்.

ஆகவே வாளியின் அகலத்தை முடிவு செய்யுமுன், அதனால் அள்ளப்படும் பொருள்களுள் மிகக் கனமானது எது என்று ஆராய வேண்டும். மண்ணும் மணலும் அள்ளுவதற்குச் சிறிய, உறுதியான வாளியும், தானியத்துக்கும் உலர் எருவுக்கும் பெரிய, இலேசான வாளியும் ஏற்றவை. ஒரே வாளியால் யாவும் செய்ய விரும்புவோர், மணலுக்கு ஏற்ற சிறிய வாளியையே வாங்குதல் பாதுகாப்பானது. டிராக்டரின் வெளிச்சக்கர விளிம்புகளுக்கு இடையிலுள்ள அகலத்தினும் வாளியின் அகலம் குறையாதிருத்தல் வேண்டும். இல்லாவிடில், அள்ளப்படாது எஞ்சிய குவியலின்மீது ஒரு சக்கரம் ஏறி, வண்டி ஒருபக்கம் சாய்ந்துவிடும்.

எஃகின் தன்மை

கருவி கெடுவது மூன்று வகையில் நிகழ்கிறது: தேய்மானம், வளைவு அல்லது முறிவு, துரு. இம்மூன்றையும் தடுக்கும் வழிகள் வெவ்வேறானவை.

மண்ணிலும் மணலிலுமுள்ள குவார்ட்ஸ் மணிகள் சாதாரண எஃகைவிடக் கடினமானவை. ஆகவே அவை வாளியின் முன்விளிம்பையும், தரையில் உராயும் அடிப்பகுதியையும், இரு மூலைகளையும் அரம்போல் அராவுகின்றன. பிரினெல் முறையில் அளக்கும்போது சாதாரண மென்னெஃகின் கடினம் சுமார் 120 முதல் 150 வரை இருக்கும். தேய்மானத்தைத் தாங்குவதற்கெனத் தயாரிக்கப்படும் எஃகுத் தகடுகளில் அது 400க்கும் மேற்பட்டிருக்கும். வாளி முழுவதையும் இத்தகைய எஃகால் செய்ய வேண்டுவதில்லை. தேயும் விளிம்பில் மாத்திரம் அது அமைந்திருந்தால் போதும். அவ்விளிம்பு மரையாணிகளால் இறுக்கப்பட்டதாயின், ஒருபக்கம் தேய்ந்தபின் கழற்றித் திருப்பிப் பூட்டி மறுபக்கத்தையும் பயன்படுத்தலாம். விளிம்புக்கு மாற்று உறுப்பு அண்மையிலுள்ள நகரத்தில் கிடைக்குமா என்பதைக் கேட்டறிந்த பின்னரே கருவியை வாங்க வேண்டும்.

விளிம்பின் கடினத்தை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. புதிய அரமொன்றை அதன்மீது வைத்துத் தேய்த்தால், மென்னெஃகில் அரம் பற்றித் துகளை எடுக்கும். கடினமான எஃகில் எளிதில் பற்றாது. அளவு துல்லியமாகத் தெரியாவிடினும், விற்பவரின் கூற்றை ஓரளவு சரிபார்க்க இச்சோதனை உதவும்.

முறிவு என்பது பெரும்பாலும் பற்றவைப்பின் ஓரத்தில் தோன்றுகிறது. பாரம் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் உலோகம் சிறிது வளைந்து நிமிர்கிறது. பல்லாயிரம் முறை இவ்வாறு நிகழவே, உலோகம் சோர்வுற்று மயிரிழை போன்ற வெடிப்பு உண்டாகிறது. வண்ணப் பூச்சின்மீது மெல்லிய துருக்கோடு காணப்பட்டால், அடியில் வெடிப்பு இருக்கக்கூடும் என்று ஐயுற வேண்டும். வாங்கும்போது பற்றவைப்பு இடைவிடாது சீராக ஓடியிருக்கிறதா, பின் செல்லும் காதுகளைச் சுற்றிலும் மிகைத்தகடு சேர்க்கப்பட்டிருக்கிறதா, வாளியின் பின்புறத்தில் வலுக்கட்டைகள் அமைந்துள்ளனவா என்று நோக்குதல் நன்று. பின்கள் நுழையும் துளையில் மாற்றத்தக்க புஷ் இல்லாத கருவியை வாங்கலாகாது. புஷ் தேய்ந்தால் அதை மட்டும் மாற்றலாம். துளையே தேய்ந்தால் பெருஞ்செலவாகும்.

சாணமும் மூத்திரமும் கலந்த ஈரமும், மியூரியேட் ஆஃப் பொட்டாஷ், அம்மோனியம் சல்பேட் போன்ற உரங்களும் எஃகை விரைவில் அரிக்கின்றன. இத்தகைய பொருள்களை அள்ளியபின் அன்றே கழுவி உலர்த்தாத வாளி, மணலில் தேய்வதற்கு முன்பே துருவால் ஓட்டையாகிவிடும்.

எவ்வேலைக்கு எக்கருவி

மக்கிய எருவை அள்ளுவதற்கு வாளியைவிட, நீண்ட எஃகு முட்கள் வரிசையாக அமைந்த கவை ஏற்றது. அது குவியலுள் எளிதில் நுழைவதால் எஞ்சினுக்கும் கைகளுக்கும் வருத்தம் குறைவு. முட்கள் தனித்தனியே கழற்றி மாற்றத்தக்கவையாயிருத்தல் நலம். கரும்பு, விறகு, புதர் ஆகியவற்றை எடுப்பதற்கு மேலிருந்து கவ்விப் பிடிக்கும் கை அமைந்த கருவி வேண்டும். மூட்டைகளையும் பெட்டிகளையும் அடுக்கிய பலகையைத் தூக்க இரு தட்டையான கரங்கள் கொண்ட கவை பயன்படும்.

பஞ்சாப், அரியானா மாநிலங்களில் நெல் அறுவடைக்குப்பின் வயலில் எஞ்சும் தாளை எரிக்காமல், இயந்திரத்தால் கட்டுகளாகக் கட்டி அப்புறப்படுத்தும் முறை பரவி வருகிறது. பயிர்க்கழிவு மேலாண்மைக்கென மத்திய அரசு 2018ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டமும் இதற்குத் துணைபுரிந்துள்ளது. உருண்டை வடிவான பெரிய கட்டுகளைச் சாதாரண வாளியில் வைத்துத் தூக்குவது பேராபத்தாகும். கைகள் உயரும்போது வாளி பின்னோக்கிச் சாய்ந்தால், கட்டு உருண்டு கைகளின் வழியே ஓட்டுபவர்மீதே விழும். டிராக்டர் கவிழும்போது ஓட்டுபவரைக் காப்பதற்கென அமைந்த இரு தூண் சட்டம் இவ்வாறு விழும் பாரத்தைத் தடுக்காது. கட்டைக் குத்தித் தூக்கும் ஈட்டியையோ, கவ்வும் கையையோ பயன்படுத்துவதே முறை.

இயக்கும் முறை

சுமையேற்றி மண் தோண்டும் இயந்திரமன்று. குவிந்து கிடக்கும் பொருளை அள்ளுவதற்கே அது அமைக்கப்பட்டது. இறுகிய தரையில் விளிம்பை நட்டு வண்டியை விரைவாக மோதினால் கைகள் வளையும். வாளியின் ஒரு மூலையை மட்டும் கொண்டு கல்லையோ வேரையோ நெம்பினால், பாரமெல்லாம் ஒரு கையின்மீது விழுந்து சட்டமே முறுக்கிக்கொள்ளும். அடிப்பகுதியைத் தரைக்கு இணையாக வைத்து, தாழ்ந்த கியரில் நேராகக் குவியலுள் நுழைந்து, நிறைந்ததும் வாளியைப் பின்சாய்த்துப் பின்வாங்க வேண்டும்.

பாரத்துடன் செல்லும்போது வாளி தரையினின்றும் 30 முதல் 40 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேற்படலாகாது. உயர்த்திய பாரத்துடன் திரும்பும் டிராக்டர் பக்கவாட்டில் கவிழ்வது மிக எளிது. கொட்டுமிடத்தை நெருங்கி நின்றபின்னரே கைகளை உயர்த்துதல் வேண்டும். சக்கரங்களின் இடையகலத்தை இயன்றவரை கூட்டிவைத்தல் நன்று. சரிவில் குறுக்கே செல்லாது நேராகவே ஏறி இறங்குதல் வேண்டும். பாரம் மேட்டுப் பக்கம் நோக்கியிருக்குமாறு, இறங்கும்போது பின்னோக்கியே வருதல் வேண்டும். தலைக்குமேல் மின்கம்பி செல்லுமிடத்தில் கைகளை உயர்த்தலாகாது.

வாளியில் ஆட்களை ஏற்றித் தென்னையிலோ கூரையிலோ வேலை செய்யவிடுவது சில இடங்களில் காணப்படுகிறது. ஹோஸ் குழாய் ஒன்று வெடித்தால் கைகள் நொடியில் கீழே விழும். ஆதலின் உயர்த்திய கைகளின்கீழ் ஒருவரும் நிற்றலும் கூடாது. வாளியில் ஏறுதலும் கூடாது. கைகளை உயர்த்திப் பழுதுபார்க்க வேண்டியிருந்தால், உருளையின் தண்டுக்கு எஃகு முட்டு மாட்டியபின்னரே அடியில் செல்லலாம்.

பராமரிப்பு

ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன் எல்லாப் பின்களுக்கும் கிரீஸ் இடுதல் வேண்டும். பழைய கிரீஸும் அழுக்கும் வெளியேறும்வரை அழுத்துவது முறை. வாரந்தோறும் மரையாணிகளை இறுக்கிப் பார்க்க வேண்டும். புதிதாகப் பொருத்திய சுமையேற்றியில் முதல் சில மணி நேரத்துக்குள்ளேயே அவை தளரக்கூடும். வேலை முடிந்தபின் கருவியைத் தரையில் இறக்கி, நெம்புகோல்களை அசைத்து எண்ணெயின் அழுத்தத்தை நீக்கிவிடுதல் வேண்டும்.

எண்ணெய்க் கசிவைக் கையால் தடவித் தேடுவது பெருந்தவறு. ஊசித்துளை வழியே பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே புகும். புண் சிறிதாகத் தோன்றினும், உடனே அறுவைச் சிகிச்சை செய்யாவிடில் விரலையோ கையையோ இழக்க நேரும். அட்டைத் துண்டொன்றை நீட்டிப் பார்த்து, அதில் எண்ணெய் படிவதைக்கொண்டே கசிவை அறிதல் வேண்டும்.

டிராக்டரிலேயே மின் பற்றவைப்புச் செய்ய நேரிட்டால், முதலில் பாட்டரியின் இணைப்பைக் கழற்றுதல் வேண்டும். தரைக்கம்பியைப் பற்றவைக்கும் இடத்துக்கு அருகிலேயே மாட்டினால், மின்சாரம் தாங்கிகளின் வழியே பாய்ந்து அவற்றைக் கெடுப்பது தவிர்க்கப்படும். கடினமான விளிம்பை முன்சூடேற்றாமல் பற்றவைத்தால் அருகிலேயே வெடிப்புத் தோன்றும். அனுபவமுள்ள தொழிலாளரிடமே அவ்வேலையை ஒப்படைக்க வேண்டும்.

களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

சுமையேற்றி வைத்துள்ள விவசாயிக்குக் களப்பணியாளர் செய்யக்கூடிய பேருதவி, எடைமேடைச் சோதனையாகும். சர்க்கரை ஆலையிலோ தானியச் சந்தையிலோ உள்ள எடைமேடையில், வழக்கமாக அள்ளும் பாரத்தைத் தாழ்வாகத் தூக்கியவாறு டிராக்டரை நிறுத்தி முழு எடையைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு பின்சக்கரங்கள் மாத்திரம் மேடையில் நிற்குமாறு செய்து மீண்டும் எடை காண வேண்டும். பின் அச்சின் பங்கு முழு எடையில் ஐந்தில் ஒன்றுக்குக் குறைந்தால், எதிர் எடையைக் கூட்டவோ பாரத்தைக் குறைக்கவோ அறிவுறுத்தல் வேண்டும். இரண்டையும் கழித்தால் முன் அச்சின் பாரம் தெரியும். அதை உற்பத்தியாளரின் குறிப்பேட்டில் கண்ட எல்லையோடு ஒப்பிடலாம். வாடகைக்கு இயந்திரம் விடும் நிலையங்களில் ஓட்டுபவர் அடிக்கடி மாறுவதால், வேலை நேரம், கிரீஸ் இட்ட நாள், கண்ட பழுது ஆகியவற்றைக் குறிக்கும் ஏடு ஒன்று வண்டியோடு இருக்கச் செய்வது பயன்தரும்.

ஆசிரியர்கள் இதே தத்துவத்தை வகுப்பறையில் எளிதாக விளக்கலாம். 30 சென்டிமீட்டர் அளவுகோலின் 20ஆவது சென்டிமீட்டர்க் கோட்டின்கீழ் ஒரு பென்சிலை வைத்து, அதை முன் அச்சாகக் கருதுக. அளவுகோலின் நீண்ட பக்கம் டிராக்டரின் உடல். குறுகிய பக்கம் சுமையேற்றியின் கை. குறுகிய பக்கத்து நுனியில் ஒத்த நாணயங்களை ஒவ்வொன்றாக அடுக்கிவர, ஒரு கட்டத்தில் நீண்ட பக்கம் மேலெழும்பும். அப்பொழுது நீண்ட பக்கத்தின் கடைசியில் ஒரு நாணயத்தை வைத்தால் அது மீண்டும் கீழே இறங்கும். இதைக் கண்ட மாணவன், வீட்டில் தந்தையோ தமையனோ எதிர் எடையின்றி ஈர மணலைத் தூக்க முற்படும்போது அதிலுள்ள அபாயத்தை எடுத்துச் சொல்லக்கூடும்.

கடன் பெற்றுக் கருவி வாங்கும் சிறு விவசாயிக்கு, அஃது இரண்டாண்டில் கெடுவதும் பத்தாண்டு உழைப்பதும் பெரிய வேற்றுமையாகும். வாங்குமுன் டிராக்டரின் எடை, அள்ளப்படும் பொருளின் எடை, தேயும் உறுப்பு மாற்றத்தக்கதா என்பது, எதிர் எடைக்கு என்ன ஏற்பாடு என்பது ஆகிய நான்கையும் அவரோடு அமர்ந்து ஒரு தாளில் எழுதிப் பார்ப்பது களப்பணியாளரின் அரைமணி நேர வேலையே. அவ்வரைமணி நேரம் விவசாயியின் பொருளையும், அவ்வண்டியை ஓட்டுபவரின் உயிரையும் காக்க வல்லதாகும்.